தகரத்தில் ஏன் பெயின்ற் நிற்பதில்லை?

கடந்த மாரிக்கு முன்னர் அம்மா குசினித் தகரங்களுக்கும் புதிதாகப் போட்ட கேற்றுக்கும் பச்சை எனாமல் பெயின்ற் அடிப்பித்தார். மாரி முடிவதற்குள் அது சருகு போலக் கழன்று விழத் தொடங்கியது. "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான் தம்பி" என்றார். மூன்று மாதம் சேர்த்த காசு.

2010இல் மெனிக் பாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பியபோது எங்களுக்குக் கிடைத்தவை அந்த 12 தகரங்கள். முதலில் கொட்டிலுக்குக் கூரையாக இருந்தன. கல்வீடு கட்டிய பிறகு குசினிக்கு மாறின. அவற்றைப் பழைய இரும்புக்குக் கொடுக்க அம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை.

எனக்கு விளக்கம் தந்தது இங்கிலாந்தில் ஒரு கால்வாய்ப் படகில் வசிக்கும் பள்ளித் தோழன். அந்நாட்டுக் கால்வாய்ப் படகுகளின் கூரையில் ரோஜாப்பூவும் கோட்டையும் வரைந்த தண்ணீர்க் கேன் வைப்பது பழைய வழக்கம். அந்தக் கேனும் நமது வாளியைப் போல கல்வனைஸ் செய்த தகரந்தான். அவன் முதலில் அடித்த பெயின்றும் இப்படியே உரிந்ததாம். "மச்சான், பிழை பெயின்றில இல்லை. இரும்பெண்டு நினைச்சு அடிக்கிறம். மேல இருக்கிறது இரும்பில்லை."

உண்மையில் மேலே இருப்பது நாகம். கடைகளில் சிங்க் என்பார்கள். ஏறக்குறைய 450 பாகை செல்சியசில் உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுப்பதே கல்வனைஸ் செய்தல். கீறல் விழுந்தாலும் நாகம் முதலில் அரிந்து, இரும்பைக் கறள் பிடிக்காமல் காக்கும்.

சாதாரண எனாமலில் எண்ணெய்ச் சத்து உண்டு. அது நாகத்தோடு தாக்கமுற்று, பெயின்றுக்கு அடியில் சவர்க்காரம் போன்ற ஒரு படையை உண்டாக்கும். ஈரம் பட்டதும் பிடி விட்டுப்போகும். புதிய கேற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் மேற்பரப்பு வழுவழுப்பானது, தொழிற்சாலை எண்ணெயும் படிந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில், உரிந்த பெயின்றைச் சுரண்டுங்கள். மிகப் பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துச் சுரண்டுங்கள், தூசு பறக்க விடவேண்டாம், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

அடுத்து, சலவைத்தூள் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கடற்கரையோரம் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. உப்பின் மேல் எந்தப் பெயின்றும் நிற்காது. வெள்ளைத் தூள் பூத்திருந்தால் நைலோன் பிரஷால் தேய்த்து எடுங்கள். கம்பிப் பிரஷ் நாகத்தையே சுரண்டிவிடும். செங்கறள் பிடித்த இடத்துக்கு மட்டும் அதைப் பாவியுங்கள். அந்த இடத்தில் நாகம் கலந்த பிரைமர் தேவை.

இங்கிலாந்தில் புதிய கல்வனைஸ் மீது ஒருவகை அமிலக் கரைசல் பூசுவார்கள். நாகம் கறுத்தால் பெயின்ற் பிடிக்கும். கறுக்காத இடத்தில் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்காவிட்டால் வினாகிரியால் துடைத்து, நன்றாகக் கழுவி உலரவிடலாம். பலன் குறைவுதான், ஆனாலும் சும்மா அடிப்பதைவிட மேல். பல வருடம் வெயில் மழையில் கிடந்த பழைய தகரத்துக்கு இது தேவையில்லை. சுத்தம் செய்தால் போதும்.

பிரைமர் வாங்கும்போது "இரும்புக்கு" என்று கேட்காதீர்கள். "கல்வனைஸுக்கு" என்று கேளுங்கள், ரின்னில் அப்படி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பனி உலர்ந்த பிறகு, மழையில்லாத நாளில், மெல்லிய படையாக இருமுறை அடியுங்கள். குடிதண்ணீர் வாளியென்றால் உள்பக்கம் பெயின்ற் வேண்டாம்.

இந்த வைகாசியில் நானும் அம்மாவும் இரண்டு நாள் இருந்து இதைச் செய்தோம். 12 தகரங்களில் 2 கறளில் ஓட்டை விழுந்துவிட்டன. அவை கோழிக்கூட்டுக்குப் போயின. மற்ற 10 திரும்பவும் குசினிக்கு மேலே ஏறின. செலவில் பாதிக்கு மேல் பிரைமருக்கே போனது. பெயின்ற் ரின் அம்மா முன்பு வாங்கியதில் மிச்சம் இருந்ததுதான். கடைக்காரர் ஏமாற்றவில்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப அவனிட்டயே பிரைமர் வாங்கியிருக்கலாமே" என்றார்.