தோலுக்கும் தொப்பைக்கும் என்ன தொடர்பு?

எனக்குச் சொரியாசிஸ் இருப்பது தெரிந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஒட்டிக்கொள்ளுமா?" என்பதுதான். ஒட்டாது. கை குலுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே குளத்தில் நீந்தலாம். நோய் எதிர்ப்பு மண்டலம் நிலைதடுமாறுவதால் வரும் நோய் இது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல், சில நாள்களிலேயே வளர்ந்து குவிகிறது. முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் திட்டுகள் தோன்றிச் செதில் செதிலாக உதிரும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அவை கருஞ்சிவப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும்.

அடுத்த கேள்விதான் கடினம்: "ஏன் வந்தது?"

பரம்பரை ஒரு காரணம். மன உளைச்சல், தொண்டைத் தொற்று, புகைப்பழக்கம், சில மருந்துகள் ஆகியவையும் தூண்டலாம். உடல் பருமனுக்கும் பங்குண்டு என்பது மருத்துவர்கள் முன்பே அறிந்ததுதான். உடலின் எந்தப் பகுதியில் சேரும் கொழுப்பு என்பது இப்போது தெளிவாகி வருகிறது.

வயிற்றுக் கொழுப்பின் வேலை

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2025ல் வெளியிட்ட ஆய்வு, 'யூகே பயோபேங்க்' தரவுத்தளத்திலுள்ள 330,000க்கும் அதிகமானோரின் விவரங்களை அலசியது. அவர்களில் 9,000க்கும் மேற்பட்டோருக்குச் சொரியாசிஸ் இருந்தது. கொழுப்பை அளக்கும் 25 முறைகளை ஒப்பிட்டபோது, மொத்த உடற்கொழுப்பைவிட வயிற்றைச் சுற்றிய கொழுப்பே நோயுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. பெண்களிடம் அது இன்னும் வலுவாக இருந்தது.

வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்றான டிஎன்எஃப், சொரியாசிஸ் திட்டுகளிலும் அதிகம். கடுமையான சொரியாசிசுக்குத் தரப்படும் சில ஊசிமருந்துகள் அதைத்தான் தடுக்கின்றன.

நோயால் வெளியே நடமாடத் தயங்குபவருக்கு எடை கூடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், 2019ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, எடை கூடுவதே நோய்க்கான வாய்ப்பை உயர்த்துகிறது என்று காட்டியது. பிஎம்ஐ எனும் உடல் எடைக் குறியீடு 1 புள்ளி கூடினால், வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது.

நமக்கு ஏன் கூடுதல் கவனம்?

லண்டன் ஆய்வில் இடம்பெற்றோர் பிரிட்டிஷ் வெள்ளையர்கள். அதன் முடிவு நமக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் தனியே ஆராய வேண்டும். ஆனால், நம் உடல்வாகைப் பற்றி ஒன்று தெரியும். 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இருவரின் படம் வெளியானது. ஒருவர் புனே மருத்துவர் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கோ 21.2. ஒல்லியான கைகால், முன்தள்ளிய வயிறு என்ற உருவம் நம் வீட்டுப் படங்களிலும் உண்டுதானே? அத்தகையவரின் வயிற்றை எடை இயந்திரம் காட்டிக்கொடுக்காது.

நாடாவை எடுங்கள்

நேராக நின்று, இயல்பாக மூச்சை வெளியே விடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில், இறுக்காமல் அளவுநாடாவைச் சுற்றுங்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லை. இவை நீரிழிவு, இதய நோய் அபாயத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அந்த நோய்களின் அபாயமும் அதிகம் என்பதால், இரட்டைப் பயன்.

தொப்பை உள்ள எல்லாருக்கும் சொரியாசிஸ் வருவதில்லை, ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. ஆகவே, "உடம்பைக் குறைத்திருந்தால் வந்திருக்காதே" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். திருமண விருந்துகளில் அதைக் கேட்டுவிட்டு, மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்ட நாள்கள் எனக்குண்டு.

எடை அதிகமுள்ளவர்கள் அதைக் குறைத்தால் சிகிச்சை மேலும் பலனளிக்கக்கூடும். அதற்காக, பூசும் களிம்பையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் மருந்தைத் தொடர்ந்தபடியே இரவு நேர ரொட்டி சானாயையும் இனிப்பான தே தாரிக்கையும் குறைத்து, மாலையில் நடக்கிறேன். அடுத்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது இடுப்பளவைக் குறித்துக்கொண்டு போங்கள். காலையில் மூட்டுகள் விறைத்தால் அதையும் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டுகளையும் தாக்கக்கூடியது.