பாறைக்குள் ஒளிந்த மரக்கோயில்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மண்டகப்பட்டு என்னும் சிற்றூரில், பாறை ஒன்றின் முகப்பைக் குடைந்து ஆக்கிய சிறு கோயில் இருக்கிறது. கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டாமல், இருக்கும் பாறையையே உள்நோக்கி வெட்டி மண்டபமும் கருவறையும் அமைப்பதால் இத்தகைய கோயிலைக் குடைவரை என்பர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் இதனை எடுப்பித்தான்.

இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி, பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை அமைத்தான் என்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. இக்கல்வெட்டைக் கொண்டே தமிழகத்தின் முதல் குடைவரை இதுதான் என்று பலரும் எழுதிவிடுகின்றனர். கல்வெட்டு அவ்வாறு கூறவில்லை என்பதோடு, பாண்டிநாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரையை இதற்கு முந்தியதாகக் கருதும் அறிஞரும் உளர். எது முதல் என்னும் வழக்கைவிட, வேண்டாம் என்று மன்னன் ஒதுக்கிய அந்த நான்கு பொருள்களே வரலாற்றுக்கு மிகுந்த பயன் தருவன. ஏனெனில், அதுவரை கோயில்கள் எவற்றால் எழுந்து, பின்னர் எச்சமின்றி அழிந்தன என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

மன்னன் மரத்தை விலக்கினாலும் சிற்பிகளின் கை அதனை மறக்கவில்லை. முகப்புத் தூண்கள் அடியிலும் உச்சியிலும் சதுரமாகவும், இடையில் எட்டுப்பட்டையாகவும் செதுக்கப்பட்டு, மேலே போதிகையைத் தாங்குகின்றன. போதிகை என்பது உத்தரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்கத் தச்சர் வைக்கும் தாங்குகட்டை. தூணும் உத்தரமும் கூரையும் ஒரே பாறையாக இருக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆயினும் அது பிசகாமல் தன் இடத்தில் இருக்கிறது. பின்சுவரில் மூவருக்கும் வெட்டிய மூன்று கருவறைகள் இன்று வெறுமையாக உள்ளன. முகப்பின் இரு கோடியிலும் வாயிற்காவலர் மட்டும் காவலை விடவில்லை.

அண்மையிலுள்ள தளவானூரில், அதே மன்னனின் சத்துருமல்லேசுவரம் என்னும் குடைவரை, மரவேலையைக் கல்லில் பின்பற்றும் இந்த மரபை இன்னும் விரிவாகக் காட்டுகிறது. தெற்கு நோக்கிய முகப்பின் மேல் கபோதம் எனப்படும் வளைந்த இறவாணமும், அதில் கூடு என்னும் குதிரைலாட வடிவ வளைவுகளும், வாயிலுக்கு மேலே, மகரம் என்னும் கற்பனை விலங்கின் வாயிலிருந்து எழும் வளைவாகிய மகரதோரணமும் உள்ளன. நேரே உள்ளே நோக்குவோர்க்குக் கருவறை புலப்படாது; அது மண்டபத்தின் பக்கவாட்டில் கிழக்கு நோக்கி அமைந்திருக்கிறது. வடமொழியோடு தமிழ்ச் செய்யுளும் இங்குப் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மும்பைக்கு அருகிலுள்ள எலிபண்டா போன்ற மேற்கிந்தியக் குடைவரைகளோடு ஒப்பிட்டால் இவை அளவில் மிகச் சிறியவை. அங்குள்ள எரிமலைப் பாறையைவிட இங்குள்ள பாறை கடினமானது என்பதையும் கருதவேண்டும். பாறையில் கட்டங்கட்டமாகக் காடி வெட்டி, இடையில் நிற்கும் துண்டுகளை உளியால் உடைத்தெடுத்துக்கொண்டே உள்ளே சென்ற முறையை, மாமல்லபுரத்தில் அரைகுறையாக நிற்கும் குடைவரைகளில் இன்றும் காணலாம்.

இதே வட்டாரத்தில், திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையில், நின்ற திருமாலைப் பின்சுவர்ப் பாறையிலேயே செதுக்கிய சிறிய குடைவரையும், செஞ்சிக்கு அருகே சிங்கவரத்தில், பள்ளிகொண்ட அரங்கநாதருக்கு இன்றும் வழிபாடு நடைபெறும் குடைவரையும் உள்ளன. நாள் மிஞ்சுமாயின் பனைமலைக்கும் செல்லலாம். மகேந்திரனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த மன்னன் இராசசிம்மன், பாறையைக் குடைவதை விட்டு, அங்குக் கல்லை அடுக்கியே கோயில் எழுப்பினான்.