கோடி அறைக்கும் காற்று வேண்டும்

தில்லி, குருகிராம், சண்டிகர் போன்ற நகரங்களில் புதிதாக வீடு கட்டுவோர் சிலர், அறைக்கு ஒரு ஏசி என்பதை விடுத்து வீடு முழுமைக்கும் ஒரே இயந்திரத்தைப் பொருத்துகின்றனர். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடும் டக்ட் குழாய்கள் ஒவ்வோர் அறைக்கும் காற்றைக் கொண்டு செல்கின்றன. மே மாதத்தில் குளிர்ச்சியும் ஜனவரியில் வெப்பமும் ஒரே ஏற்பாட்டில் கிடைக்கும். ஆயினும், கூடத்தில் போர்வை தேவைப்படுகையில் கோடியிலுள்ள அறை வெந்துகொண்டிருக்கும். அவ்வறை முதியவருடையதாயின், 45 டிகிரி வெயிலில் அது வசதிக்குறைவு மட்டுமன்று; உடல்நலக் கேடு.

உடனே பலருக்கும் தோன்றுவது, கூடுதல் டன் கொண்ட இயந்திரத்திற்குக் கடன் பெறலாமா என்பதே. (டன் என்பது இயந்திரத்தின் எடையன்று, ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவு.) கடன் வழங்குவது எம் தொழிலே எனினும், விண்ணப்பிக்கும் முன் காற்றின் பங்கீட்டைச் சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு டன்னுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று என்பது தொழில் வழக்கு. 4 டன் இயந்திரமெனில் 1,600 கன அடி. அக்காற்று எளிய வழியையே நாடும். அருகிலுள்ள அறைக்கு மிகுதியாகவும், நீண்டு வளைந்து செல்லும் குழாயின் கோடிக்குக் குறைவாகவும் போய்ச் சேரும். இதைத் திருத்தவே கிளைக்குழாய்களில் டாம்பர் என்னும் தகடு பொருத்தப்படுகிறது. முதலில் ஃபில்ட்டரைத் தூய்மை செய்து, எல்லா டாம்பர்களையும் முழுமையாகத் திறக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒரே உயரத்தில் வெப்பமானியை வைத்து அளந்து, மிகக் குளிர்ந்த அறையின் டாம்பரை மட்டும் சிறிது மூடி, ஒரு நாள் பொறுத்து மீண்டும் அளக்க வேண்டும். பல அறைகளை ஒருசேர அடைத்துவிடலாகாது; காற்றோட்டம் மிகவும் குறைந்தால் இயந்திரத்தின் குளிர்சுருளில் பனி உறையும்.

பலர் காணத் தவறுவது கதவு. காற்றைத் திரும்ப இழுக்கும் வழி கூடத்தில் மட்டுமே இருந்தால், மூடிய படுக்கையறைக்குள் புகுந்த காற்று வெளியேற இயலாது. அழுத்தம் கூடி, புதிய காற்றின் வரவு குறையும். கதவைச் சற்றுத் திறந்து வைத்ததும் அறை குளிர்ந்தால் காரணம் அதுவே. கதவின் அடியில் சிறிது இடைவெளி விடுவதற்கோ மேலே கிரில் பொருத்துவதற்கோ தச்சர் ஒருவர் போதும்.

மாறாக, கோடி அறைக்காகக் கூடத்துத் தெர்மோஸ்டாட்டை 24-லிருந்து 19-க்கு இறக்குவது செலவுமிக்க வழி. 1 டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். இறக்கினால் செலவு அவ்வாறே ஏறும்.

இரு தளங்கள் கொண்ட வீட்டில் ஆண்டு முழுவதற்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. கோடையில் மேல்தளத்திற்கும் குளிர்காலத்தில் கீழ்தளத்திற்கும் மிகுதியான காற்று தேவை. டாம்பர் கைப்பிடியருகே இரு நிலைகளையும் பேனாவால் குறித்து வைக்கலாம். மேற்கு வெயில் நேரே விழும் அறைக்கோ டாம்பர் மட்டும் போதாது. சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுவது பலன் தரும்.

இவ்வளவுக்குப் பின்னும் அறை வெப்பமாகவே இருந்தால், பொறியாளரைக் கொண்டு வெப்பச்சுமையைக் கணக்கிட்டு அதன்பின் கடனுக்கு வருக. புதிதாகப் பொருத்துவோர், ஒவ்வோர் அறைக்கும் வரும் காற்றின் அளவை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் பெற்ற பின்னரே இறுதித் தவணையை அளிப்பது நன்று.