அந்த முயல் குட்டி அனாதை இல்லை! தூக்காதீங்க!

சென்னை,–

காலி மனையில் புல் வெட்டுகிறார்கள். புல்லுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு முயல் குட்டி. தாயைக் காணோம். "ஐயோ பாவம்" என்று துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள். இங்க் பில்லரில் பசும்பால் புகட்டுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் குட்டி செத்துப்போகிறது.

வண்டலூர், நன்மங்கலம் காட்டோரம் புதிதாகக் குடிபோனவர்களே, இது உங்களுக்குத்தான்!

தாய் எங்கே போச்சு?

எங்கேயும் ஓடிவிடவில்லை. பகலில் கூடவே இருந்தால் நரியும் நாயும் மோப்பம் பிடித்துவிடும். அதனால் குட்டியைப் புல்லில் விட்டுவிட்டுத் தாய் ஒதுங்கியிருக்கும். இருட்டிய பிறகு வந்து பால் கொடுக்கும். குட்டி அசையாமல் கிடப்பது சீக்கு அல்ல. அதுதான் அதற்குப் பாதுகாப்பு.

கடை முயல் வேறு

கூண்டில் விற்கிற வெள்ளை முயலின் பூர்வீகம் ஐரோப்பா. அது வளை தோண்டும். குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும்.

நம்ம ஊர் 'முசல்' வளை தோண்டாது. குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் மயிர், கண்ணும் திறந்திருக்கும். வளர்ந்தது பழுப்பு நிறம், நீண்ட காது. பிடரியில் கறுப்புத் திட்டு. வாலின் மேல்பக்கமும் கறுப்பு. அந்தப் பிடரியைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

சிட்டிக்குள் முயலா என்கிறீர்களா? 1978–ல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டிலேயே உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்கள் மானைப் பார்த்திருப்பார்கள். முயலைப் பார்த்தவர்கள் குறைவு. ராத்திரி ஜீவன் அல்லவா!

புழுக்கை காட்டிக்கொடுக்கும்

காலையில் போனால் தடயம் கிடைக்கும். ஆட்டுப் புழுக்கை கறுத்து, நீண்டிருக்கும். முயல் புழுக்கை உருண்டை, காய்ந்ததும் வெளுத்துவிடும். நசுக்கினால் வைக்கோல் தூள் மாதிரி உதிரும். முயல் கடித்த தண்டு பிளேடால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். புல்லில் உடம்பு அளவுக்கு அமுங்கிய பள்ளம் இருந்தால், அதுதான் பகல் படுக்கை.

மணலில் கால்தடம் பார்த்தால் வேடிக்கை. பாயும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி விழும். அதனால் பெரிய தடம் இரண்டும் முன்னே, சின்னது இரண்டும் பின்னே! மொத்தம் நாலு. 'மூணு கால்' என்று சாதிப்பவர்கள் போய் எண்ணிக்கொள்ளலாம்.

ஜெயில் உண்டு

1972–ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் குற்றம், கறி விற்பதும் வாங்குவதும் குற்றம். "குழந்தை ஆசைப்பட்டுச்சு சார்" என்ற பேச்சு எடுபடாது.

ஏற்கெனவே தூக்கி வந்துவிட்டீர்களா? பொழுது சாய்வதற்குள் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஆள் இருந்தால் தாய் வராது. தெருநாயையும் கொஞ்சம் விரட்டி விடுங்கள். நாய் கடித்த குட்டியானால் மட்டும் உடனே வனத்துறைக்குச் சொல்லவேண்டும்.