தங்கத்தின் குரல் கேட்கும் கருவி



நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கையிருப்பு என்பது பெரும்பாலும் கழுத்திலும் காதிலும் கிடக்கும் நகைதான். அவசரத்துக்கு அடகுக் கடை ஏறுவதும் அதுவே. 8 கிராம் நகை 916 தரமானால் அதில் 7.33 கிராம் தங்கம் உண்டு. 835 தரமானால் 6.68 கிராம்தான். இதைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதி சொல்ல முடியாது.

முன்பு பத்தர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார். இன்று நகைத் தொழிலில் எக்ஸ்ரே கருவியும் புழங்குகிறது. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நகை வாங்கப் போகிறவர்கள் அதைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் குரலைக் கொண்டே ஆளை அறிகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். எக்ஸ்ரே பட்டதும் அணுவின் உள்வட்டத்திலுள்ள ஓர் எலக்ட்ரான் வெளியே தள்ளப்படுகிறது. மேல்வட்டத்து எலக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்கும்போது வேறோர் எக்ஸ்ரே வெளிப்படுகிறது. அதன் சக்தி தங்கத்துக்கு ஓர் அளவு, செம்புக்கு ஓர் அளவு, வெள்ளிக்கு வேறோர் அளவு. இந்த ஒழுங்கை 1913-இல் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். கருவி அவற்றைப் பிரித்து எண்ணி, எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லுகிறது. நகையை வெட்டவோ உருக்கவோ வேண்டியதில்லை.

ஆனால், நேயர்களே, இக்கருவி காண்பது மேற்பரப்பை மட்டுமே. தங்க நகையில் அது ஒரு தலைமுடியின் கனம்கூட உள்ளே பார்ப்பதில்லை. தடித்த முலாம் பூசிய வெள்ளி வளையலும் நல்ல தங்கமாகத் தோன்றக்கூடும். ஆகவே மூன்று காரியங்களைக் கேளுங்கள்.

முதலாவது, நகையைத் துடைத்து, கல் இல்லாத மூன்று நான்கு இடங்களில் சோதிக்க வேண்டும். கொக்கியையும் பற்றவைத்த இடத்தையும் விடக்கூடாது.

இரண்டாவது, கல்லும் அரக்கும் இல்லாத கட்டி நகையானால் நீரில் அமிழ்த்தி நிறுக்கலாம். 18 கிராம் 916 தங்கம் நீரில் சுமார் 1 கிராம் எடை குறையும், வெள்ளியானால் 1.7 கிராம் குறையும்.

மூன்றாவது, அப்போதும் ஐயம் தீராவிட்டால், சிறு துணுக்கை எடுத்துப் புடமிட்டுச் சோதிப்பதே முடிவான வழி. இந்தியாவின் தர முத்திரை நிலையங்களிலும் எக்ஸ்ரேக்குப் பிறகு இந்தச் சோதனை நடக்கிறது.

கருவியின் மூடியைச் சாத்திய பின்னரே இயக்க வேண்டும். உள்ளே கை வைக்கக்கூடாது. மின்சாரம் நின்றால் எக்ஸ்ரேயும் நின்றுவிடும். நகையில் எதுவும் தங்காது, அஞ்சாமல் அணியலாம்.

ரசீதில் எடை, தரம், கூலி மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.