கட்டைவிரலுக்குள் ஒரு லாக்கர்

கல்யாணத்தில் மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்திருக்கிறார் வாசகர் ஒருவர். விடிவதற்குள் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிறதாம். யூரிக் ஆசிட் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய தம்பிக்கோ அதைவிட அதிக யூரிக் ஆசிட். ஆனாலும் ஜாலியாக நடமாடுகிறார். இது என்ன நியாயம் என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். ரத்தத்தில் யூரிக் ஆசிட்டின் உப்பான யூரேட் கரைந்திருக்கும் எல்லை, 37 டிகிரியில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம். 30 டிகிரிக்கு இறங்கினால் அது சுமார் 4.5தான். உடம்பிலேயே குளிர்ந்த மூட்டுகளில் ஒன்று கால் கட்டைவிரல் மூட்டு. அதனால்தான் ஊசி ஊசியான படிகங்கள் அங்கே சேர வாய்ப்பு அதிகம். ஆனால் ஊசி குத்துவதால் வலிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வலியே இல்லாமல் மூட்டில் படிகங்களோடு காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். கலவரத்தைக் கிளப்புவது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்கிற சைட்டோகைன். ஒரு செல் மற்ற செல்களுக்கு அனுப்பும் அவசரத் தகவல் அது. காய்ச்சல், வீக்கம், வலி மூன்றையும் கிளப்பிவிடும் சரக்கு. இத்தனை ஆபத்தான பொருளை உடம்பு எப்படிப் பூட்டி வைத்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

வங்கி லாக்கரைப் போல இதற்கும் இரண்டு சாவி. முதல் சாவியைத் திருகினால், மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் செல் இன்டர்லூக்கினைத் தயாரித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆனால் அது சுமார் 31,000 டால்டன் எடையுள்ள அரைகுறைச் சரக்கு. ஒரு வேலைக்கும் ஆகாது. படிகம்தான் இரண்டாம் சாவி. விழுங்கிய ஊசி செல்லின் செரிமானப் பையைக் கிழிக்க, பொட்டாசியம் வெளியே ஓட, சிதறிக் கிடந்த புரதங்கள் ஓரிடத்தில் கூடி இன்ஃப்ளமசோம் என்ற இயந்திரமாகின்றன. சாயம் ஏற்றிப் பார்த்தால் செல்லுக்கு ஒரே ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளியில் விழித்தெழும் காஸ்பேஸ்-1 என்ற கத்தரி, சரக்கின் தலைப்பகுதியை நறுக்கி 17,000 டால்டனாக்குகிறது. இப்போதுதான் அதற்கு வீரியம்.

வெளியே போவது எப்படி? மற்ற புரதங்கள் பலவற்றுக்கும் ‘வெளியூர்’ என்று ஒரு விலாசச் சீட்டு உண்டு. இதற்கு இல்லை. அதே கத்தரி கேஸ்டர்மின்-டி என்ற இன்னொரு புரதத்தையும் நறுக்க, அதன் துண்டுகள் வளையமாகச் சேர்ந்து செல்லின் சுவரில் ஓட்டை போடுகின்றன. அந்த ஓட்டையின் உட்புறம் எதிர்மின்னேற்றம். நறுக்கப்படாத சரக்கின் தலையும் எதிர்மின்னேற்றம். ஆகவே வாசலிலேயே தள்ளிவிடப்படும். தலை போனது சுலபமாக நழுவி வெளியேறும். இதைக் காட்டி 2021இல் வெளியான ஆய்வைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முதல் சாவி போட்ட பிறகே நகை செய்து, இரண்டாம் சாவிக்கு நகைப்பெட்டியை வெட்டி, கதவே இல்லாததால் மேனேஜர் சுவரை இடித்து, பல சமயம் கட்டடமும் சேர்ந்து விழுகிற வங்கியை ரிசர்வ் வங்கி சும்மா விடுமா? உடம்பு விடுகிறது.

தம்பி தப்பித்த ரகசியமும் இங்கேதான் இருக்கலாம். எலிகளின் மூட்டில் படிகத்தை மட்டும் செலுத்தினால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கொழுப்பு அமிலத்தை மட்டும் செலுத்தினாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோது மூட்டு வீங்கியது. 2010இல் வந்த முடிவு இது. அண்ணனுக்கு முதல் சாவியான கொழுப்பு அமிலம் பிரியாணித் தட்டிலிருந்து வந்திருக்கலாம்; தம்பியிடம் இரண்டாம் சாவி மட்டும் இருந்திருக்கலாம். எலி மனிதனல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

கொஞ்சம் வரலாறும் பார்ப்போம். ஃபெயர்ஸ், மெக்கார்ட்டி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் யூரேட் படிகங்களைத் தங்கள் முழங்கால்களிலேயே ஊசி போட்டுக்கொண்டு, வலியில் துடித்து, 1962இல் கட்டுரை எழுதினார்கள். படிகத்துக்கும் இன்ஃப்ளமசோமுக்கும் உள்ள உறவை 2006இல் காட்டியது சுவிட்சர்லாந்தின் யூர்க் சோப் குழு.

இந்த வலிக்குப் பழைய மருந்து கால்ச்சிசின். அது நம்மூர்க் கண்வலிக்கிழங்குச் செடியிலும் உண்டு; மாநில மலரான செங்காந்தள்தான். ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கால்ச்சிசின் செல்லுக்குள் உள்ள நுண்குழாய்களைக் கட்டவிடாமல் செய்து, வெள்ளணுக்கள் மூட்டுக்குள் படையெடுப்பதைத் தடுக்கும். இயற்கை மருந்துதானே என்று யாரும் கிழங்கைத் தின்றுவிடாதீர்கள். வீக்கம் வடியாது, ஆள் போய்விடுவார்.

இன்டர்லூக்கின்-1 பீட்டாவை நேராகவே மடக்கும் கனாகினுமாப் என்ற ஊசியும் இருக்கிறது. மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் அதைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றும் சேர்ந்த கணக்கு 150 மில்லிகிராம் அளவில் 15 சதவீதம் குறைந்தது. அழற்சியை அடக்கினால் ஆயுள் கூடும் என்று தலைப்புகள் பறந்தன. ஆனால் தொற்றால் இறந்தவர்கள் கூடியிருந்தார்கள். மொத்தச் சாவு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கிருமி வந்தாலும் அதே லாக்கரைத்தானே திறக்க வேண்டும்? இதய நோய்க்கு அந்த ஊசியை அமெரிக்கா அனுமதிக்கவில்லை. கவுட் என்ற இந்த மூட்டு வலிக்கு 2023இல் அனுமதித்தது, அதுவும் வழக்கமான மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு.