400 மீட்டர் ஓட்டத்தில் 22 மீட்டர் பிழை

பத்தாவது படிக்கும்போது குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓடினேன். அப்போது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது (தனி மாவட்டம் ஆனது 2019-ல்தான்). எனக்குக் கிடைத்தது நாலாவது லேன். பாதி தூரம் வரை நல்லாத்தான் ஓடினேன், கடைசி வளைவில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். "உனக்கு தம் பத்தலடா" என்றார்கள். நானும் அப்படித்தான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அக்கா பையனுக்கு டிராக் அளவுகளை விளக்கப் போய், தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்று நான் ஓடியது 400 மீட்டர் இல்லை, கிட்டத்தட்ட 422.

பிழை எங்கே?

முறையான டிராக்கின் உள்வட்டம் 400 மீட்டர். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். வெளி லேனில் ஓடுகிறவர் பெரிய வட்டத்தைச் சுற்ற வேண்டும் என்பதால் அவரை முன்னால் தள்ளி நிறுத்துகிறோம். 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாவது லேனுக்கு 7.04, மூன்றாவதுக்கு 14.70, நான்காவதுக்கு 22.37 மீட்டர். உடற்கல்விப் புத்தகங்களில் இருக்கும் அட்டவணை இதுதான்.

எட்டு லேனோடு இந்த டிராக்கைப் போட சுமார் 177 மீட்டர் நீளமும் 92 மீட்டருக்குமேல் அகலமும் வேண்டும். அதாவது நாலு ஏக்கர் சமதளம். பெரும்பாலான பள்ளிகளில் அது கிடையாது. அதனால் 200 மீட்டர் டிராக் போடுவார்கள், 400 ஓட இரண்டு சுற்று. அன்று எங்களை இரண்டு சுற்றும் அவரவர் லேனிலேயே ஓட வைத்தார்கள். முன்தள்ளல் மட்டும் புத்தகத்தில் இருந்த ஒரு சுற்றுக் கணக்கு. இரண்டாவது சுற்றுக்கான 22 மீட்டரை யாரும் தரவில்லை. 62 விநாடியில் 400 ஓடும் பையனுக்கு அது மூன்றரை விநாடி.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. மென்பொருளில் இந்த மாதிரிப் பிழை தினமும் வரும்: ஃபார்முலா சரி, அது பொருந்தும் நிபந்தனையைத்தான் கவனிக்கவில்லை.

ஆரம் தேவையே இல்லை

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு சுற்றில் அடுத்த லேனுக்கு எவ்வளவு கூடும்? 2 × 3.14 × லேன் அகலம். ஆரம் கழிந்துபோய்விடுகிறது. டிராக் 400 மீட்டரோ 200 மீட்டரோ, ஒரு சுற்றுக்கு ஒரு லேனுக்கு 7.66 மீட்டர்தான். (முதல் லேனை மட்டும் உள்விளிம்புக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பதால் இரண்டாவது லேனுக்கு 7.04. கட்டை இல்லாத மண் டிராக்கில் அதையும் 20 செ.மீ. தள்ளித்தான் அளக்க வேண்டும், அங்கே எல்லா லேனுக்கும் 7.66.) லேனை 1 மீட்டர் அகலத்தில் போட்டால் 6.28. அதை லேனில் ஓடும் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆரம் வேலையைக் காட்டும் இடம் வேறு. வளைவில் உடலை உள்ளே இழுக்கத் தேவையான விசை, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்ததற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆரம் பாதியானால் அதே வேகத்துக்கு விசை இரண்டு மடங்கு. ஸ்பைக்ஸ் இல்லாமல் மண்ணில் ஓடும் பிள்ளை ஒன்று வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சறுக்க வேண்டும்.

மலைப் பிள்ளைகள்

"கல்வராயன்மலைப் பசங்களுக்கு நுரையீரலே வேற" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எனக்குச் சந்தேகம்தான். உயரப் பயிற்சியின் பலன் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல்தான் பேசப்படுகிறது. கென்யாவின் இட்டென் சுமார் 2,400, நம்ம ஊட்டி சுமார் 2,240. கல்வராயன்மலையில் உயரமான இடங்களே 1,200 மீட்டரை ஒட்டித்தான். அங்கே பிள்ளைகள் நன்றாக ஓடினால் அதற்குத் தினசரி ஏற்ற இறக்கத்தில் நடப்பது காரணமாக இருக்கலாம். காற்றுக்கு அதில் பெரிய பங்கு இருக்காது.

ஆனால் மலையில் நாலு ஏக்கர் சமதளத்துக்கு எங்கே போவது? வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ படிக்கும் பிள்ளை போட்டிக்காகக் கீழே இறங்கி வருவதற்குள்ளேயே பாதி தெம்பு போய்விடும். அதற்கப்புறம் தப்பாகப் போட்ட கோட்டில் வேறு நிற்க வேண்டும்.

ஏன் இதைப் பெரிதாகச் சொல்கிறேன்

பள்ளி தடகளத்தின் கவர்ச்சியே அதன் எளிமைதான். மட்டை வேண்டாம், டீம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். ஒல்லிப் பிள்ளைக்கு 1500 மீட்டர், பருமனான பிள்ளைக்கு குண்டு எறிதல். யாருடைய மகன், என்ன சாதி என்பதெல்லாம் கடிகாரத்துக்குத் தெரியாது.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் சின்ன வயதில் பேருந்து ஏறிக் கால் ஊனமான மாரியப்பன் தங்கவேலு, பள்ளி நாட்களிலேயே கால் ஊனமில்லாத பையன்களோடு உயரம் தாண்டினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். மதுரை ரேவதி வீரமணி பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாளிடம் வளர்ந்தவர். பன்னிரண்டாவது படிக்கும்போது குறுவட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடினார். அங்கேதான் பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார்.

ரேவதி கதையில் என்னை உறுத்துவது அந்தப் "பன்னிரண்டாவது". பொதுத்தேர்வு வருஷம் வந்தால் பி.டி. பீரியடை கணக்குக்கும் இயற்பியலுக்கும் வாங்கிக்கொள்வார்கள், பெண் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏணி இருக்கிறது. எல்லாரும் ஏறுகிற ஒரே படி முதல் படிதான். மேலே எலக்ட்ரானிக் டைமிங் உண்டு. கீழே ஸ்டாப் வாட்ச், கைக்கடிகார நேரம் 100 மீட்டரில் சராசரியாக 0.24 விநாடி குறைவாகவே காட்டும். ஆக, பிள்ளைகள் அதிகமாக ஓடும் இடத்தில்தான் அளவு மோசமாக இருக்கிறது.

நான் பெரிய ஓட்டக்காரனாகியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை. படிக்கப் போனேன், வேலை கிடைத்தது. ஆனால் "தம் பத்தல" என்று கேட்டுவிட்டு மலையேறிப் போன யாராவது ஒரு பெண் பிள்ளைக்கு வேறு வழி இருந்திருக்காது.

சரிபார்க்க 50 மீட்டர் டேப் ஒன்று போதும். ஒவ்வொரு லேனிலும் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி, தொடக்கக் கோட்டிலிருந்து முடிவு வரை அளந்துகொண்டே நடங்கள். அதுக்கு நேரமில்லையா, முதல் வளைவோடு லேனைத் திறந்துவிட்டு, அந்த வளைவுக்கு மட்டும் முன்தள்ளல் கொடுங்கள். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு அக்கா பையனோடு நானும் போகிறேன். டேப் வாங்கியாச்சு.